அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

மாமா அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். சிறுநீரகக் கல்லைப் பார்க்கப் போன இடத்தில் இடப்பக்க அட்ரினலில் 2.3 சென்டிமீட்டர் கட்டி என்று வந்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். "கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது, எடுத்துவிடலாம்" என்கிறீர்களாம். அவசரம் வேண்டாம் அத்தை. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு இப்படித் தென்படுகிறது. பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராதவை.

கட்டியின் அளவை மட்டும் வைத்து ஆபரேஷனை முடிவு செய்வதில்லை. அதன் அடர்த்தியையும் பார்ப்போம். மருந்து ஏற்றாத சிடி ஸ்கேனில் அது 10-ஐத் தாண்டாமல் ஒரே சீராக இருந்தால் கொழுப்பு நிறைந்த சாதாரணக் கட்டி. மறுபடி ஸ்கேன்கூட வேண்டாம் என்று 2023-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. 4 சென்டிமீட்டரைத் தாண்டி, அடர்த்தியும் 20-க்கு மேல் போயிருந்தால் புற்றுநோய்ப் பயம் உண்டு. தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். உங்களுக்கு 17. சிறியது, சீரானது, ஆனால் முழுசாக விட்டுவிடவும் முடியாது. இப்போதே இன்னொரு வகை ஸ்கேன் எடுக்கலாம், அல்லது ஒரு வருஷம் கழித்து வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

எனக்கு வருத்தமெல்லாம் வேறு. கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்று ஒருவரும் பார்க்காமலே ஆபரேஷன் தேதி பேசியிருக்கிறார்கள்! பிரஷருக்கு மூன்று மாத்திரை போடுகிறவர் நீங்கள். ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் பார்த்தே ஆக வேண்டும். அது மிகவும் கூடியிருந்தால் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியாக இருக்கலாம். அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் முன்னதாக ஒன்றிரண்டு வாரம் ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை கொடுத்து பிரஷரை அடக்காமல் கை வைத்தால் ஆபரேஷன் மேஜையிலேயே பிரஷர் எகிறி உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால்தான் ஊசி குத்திச் சதை எடுக்கவும் இப்போது சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது கார்டிசால். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் போட்டுக்கொண்டு காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். 1.8-க்குள் அடங்கினால் நிம்மதி. அடங்காவிட்டால், உங்கள் சர்க்கரை, பிரஷர், எலும்புத் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்து யோசித்து எடுக்கலாமா என்று பேசுவோம். முழங்கால் வலிக்குப் போட்ட ஊசியில் ஸ்டீராய்டு இருந்ததா என்று மறக்காமல் கேட்டுச் சொல்லுங்கள். இருந்தால் இந்த டெஸ்டை நம்ப முடியாது.

பொட்டாசியம், அல்டோஸ்டிரோன், ரெனின் மூன்றும் பார்க்கட்டும். அல்டோஸ்டிரோன் கூடியிருந்தாலும் உடனே கத்தி வேண்டாம். ஸ்கேனில் கட்டி தெரியும் பக்கம்தான் சுரக்கிறது என்று உங்கள் வயதில் சொல்ல முடியாது. இரண்டு சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே முடிவு.

பிரஷர் மாத்திரைகளில் சில இந்த டெஸ்டுகளைக் குழப்பும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து மாமாவை அனுப்பச் சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் நானே பேசுகிறேன். ரிசல்ட் வரும்வரை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்