கையைத் தூக்குங்க அக்கா

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. அக்குளில் தொடங்கி, புஜத்தின் உள்பக்கமாக இறங்கி, முழங்கை மடிப்பு வரை தோலுக்கடியில் விறைத்து நிற்கும் ஒரு கயிறு, இழுத்துக் கட்டிய வாழைநார் போல. பக்கத்திலேயே மெல்லிதாக இன்னும் இரண்டு. கையைத் தாழ்த்தினால் மூன்றும் மறைந்துவிடுகின்றன.

“இதுக்கு மேல வராது தாயி, இழுத்துப் பிடிக்கு” என்றார் அந்த அம்மா. கை தோள் மட்டத்துக்குக்கூட எட்டவில்லை. பிசியோதெரபிஸ்ட் கோணமானியைத் தோளில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்: 80 டிகிரி.

கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாயை ஒட்டிய ஊர். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் உண்டு. அப்படி ஒரு இளம்பெண்ணோடுதான் போயிருந்தேன். பக்கவாதம் வந்தவர்களும் எலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவர்களுமே அவர் பட்டியலில் அதிகம். மார்பகப் புற்றுக்கு அறுவை முடித்து வந்த இந்த அம்மாவும் அதில் ஒருவர்.

அம்மாவுக்குப் பீடி சுற்றும் வேலை. மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு விரல்களாலேயே முடிக்கிற வேலை. அதனால் அறுவை முடிந்த சில வாரங்களிலேயே சுளகை எடுத்துவிட்டார். கை நன்றாக இருக்கிறது என்றே வீட்டில் நினைத்தார்கள். கொடியில் சேலையைப் போடக் கையை உயர்த்திய அன்றுதான் இழுத்திருக்கிறது. தடவிப் பார்த்தால் கயிறு. “பெறவும் வந்துட்டுன்னு நெனச்சேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல” என்றார். தையல் பிரிந்துவிடும், கையை அசைக்காதே என்று பார்க்க வந்தவர்கள் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பயத்தில் கை இன்னும் ஒடுங்கிப்போனது.

அது புற்று அல்ல. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அங்கே வந்து சேரும் நிணநீர்க் குழாய்களின் பாதை அறுபடுகிறது. அவற்றில் சிலவும் உடன் ஓடும் நுண்ணிய ரத்தநாளங்களும் அடைபட்டு இறுகிக் கயிறாகின்றன என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு மாதங்களில்தான் பெரும்பாலும் தென்படும். ஒல்லியான பெண்களிடம் கூடுதலாகப் பார்க்கலாம். 2001-ல் அமெரிக்க மருத்துவர் மாஸ்கோவிட்ஸும் உடனிருந்தவர்களும் இதற்கு ‘ஆக்சிலரி வெப் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டு எழுதினார்கள். அவர்கள் பார்த்த 750 நோயாளிகளில் 44 பேருக்கு இது இருந்தது. தேடிப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் எண்ணிக்கை இதைவிட அதிகம்.

பாயில் அம்மாவைப் படுக்க வைத்தார் அந்தப் பெண். எண்ணெய் தொடவில்லை. எண்ணெய் இருந்தால் தோல் வழுக்கும், பிடி நிற்காது. ஒரு உள்ளங்கையை அக்குளுக்குக் கீழே விலாவில் பதித்தார், மற்றதை முழங்கைக்குச் சற்று மேலே. இரண்டு கைகளும் எதிரெதிர்ப் பக்கமாகத் தோலை மட்டும் நகர்த்தின. அழுத்தம் மிகக் குறைவு. பார்க்கிறவருக்கு எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். அப்படியே பிடித்துக் காத்திருந்தார். அம்மாவின் முகத்தில் சுருக்கம் விழுந்தால் உடனே தளர்த்தினார். தோல் இளகியதும் கையை இன்னும் ஒரு விரற்கடை மேலே கொண்டுபோனார். பிறகு முழங்கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கச் சொன்னார். கயிறு மறுபடி எழும்பியது. இரண்டு கட்டைவிரல்களையும் அதன் மேல் வைத்து, அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனார்.

சில சமயம் விரலுக்கடியில் ‘டப்’ என்று கயிறு விட்டுக்கொடுக்குமாம். கை சட்டென்று மேலே போய்விடும். ஆனால் அதற்காக முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போகும் எண்ணம் அந்த வீட்டில் இருந்தது. “அது மட்டும் வேண்டாம் அண்ணாச்சி” என்று கணவரிடம் இரண்டு முறை சொன்னார்.

முடிவில் அளந்தபோது 105. அம்மா எழுந்து தன் கையைத் தானே ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் இது தானாகவே கரையக்கூடியதுதானே, பிறகு ஏன் இத்தனை அவசரம் என்று வெளியே வந்ததும் கேட்டேன். காரணம் கதிர்வீச்சு. அதற்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, தாங்கியில் வைத்து, அசையாமல் படுத்திருக்க வேண்டும். தினமும் அதே நிலை, அதே இடம். கை ஏறாவிட்டால் அளவெடுக்கும் நாளே தள்ளிப்போகும். கயிறு காத்திருக்கலாம், சிகிச்சை காத்திருக்க முடியாது.

இந்தியப் பெண்களிடம் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்று. முற்றிய நிலையில் வருகிறவர்கள் இங்கே அதிகம் என்பதால் அக்குளை முழுதாகச் சுத்தம் செய்யும் அறுவையும் அதிகம். அப்படியிருக்க, வீட்டுக்கு அனுப்பும்போதே ‘அக்குளில் கயிறு மாதிரி வரலாம், அது புற்று இல்லை, வந்தால் உடனே சொல்லுங்கள்’ என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லியாக வேண்டும். கூட இருக்கிறவரிடமும் சொல்ல வேண்டும். ஒரு நிமிடப் பேச்சு இது. சொல்லப்படாததால்தான் இந்த அம்மா இரவுகளில் தூங்காமல் கிடந்தார்.

கிளம்பும் முன் அந்தப் பெண் அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, விரல்களால் மேலே ஏறச் சொன்னார். எட்டிய இடத்தில் கணவரே கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். தினமும் மூன்று வேளை, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. “சுளகு எடுக்கலாமா?” என்று அம்மா கேட்டார். “எடுங்கக்கா. அரை மணிக்கு ஒருதரம் எந்திரிச்சுச் சுவர்ல ஏறிட்டு வந்து உக்காருங்க.”