ஆற்றோடு ஒரு நடை – 9: தண்ணி தொட்ட இடம்

சேரன்மகாதேவியில் இருந்து கிளம்பி, சுத்தமல்லி அணைக்கட்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் திருநெல்வேலிக் குறுக்குத்துறைக்கு வந்து சேர்ந்தேன். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். துவைக்கிற கல்லில் ஒரு பையன் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். எதிரே, ஆற்றுக்குள்ளேயே, முருகன் கோயில்.

இந்தக் கோயிலைக் கட்டியவர்களுக்குத் தாமிரபரணியின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளம் வந்து மோதும் பக்கத்தைப் படகின் மூக்குபோலக் கூராக அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து போகும். ஆறு பெருகப்போகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் பூசைச் சாமான்களையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் இருந்த இடத்திலேயே, தண்ணீருக்குள் இருப்பார். வடிந்த பிறகு சேற்றை வாரி, கழுவி, மறுபடியும் பூசை. வெள்ளத்தை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட வேறொரு கோயிலை இந்த நடையில் நான் பார்க்கவில்லை.

படித்துறையில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவரிடம் 2023 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். "எதுல இருந்து சொல்ல? தொண்ணூத்திரண்டுல இருந்து சொல்லட்டா?" என்றார். இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான். 2023 டிசம்பரைத் தனியாகச் சொல்ல யாருக்கும் வராது. 1992 நவம்பர் 13-ஐ முதலில் வைத்து, அதன் பக்கத்தில்தான் இதை வைக்கிறார்கள்.

அளவுகளும் அப்படித்தான். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணைக் கணக்கு பத்திரிகையில் தினமும் வருகிறது. அதைப் பிள்ளைகளும் ஒப்பிக்கும். ஆனால் வெள்ளம் என்று வந்துவிட்டால் அடிக்கணக்கும் கன அடிக்கணக்கும் போய்விடும். "குறுக்குத்துறைக் கோயில் முங்கிட்டு", "தைப்பூச மண்டபத்துக்குள்ள தண்ணி ஏறிட்டு" என்பதுதான் பேச்சு. தைப்பூசத்தன்று நெல்லையப்பர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அந்த மண்டபம் ஜங்ஷன் பக்கத்துக் கரையில் இருக்கிறது. அது தெரிகிறதா, தெரியவில்லையா என்பதை வைத்தே கரையோரத்து வீடுகளில் சாமானை மேலே ஏற்றுவார்கள்.

மறுநாள் காலையில் மீனாட்சிபுரத்துக்குள் நடந்தேன். கல்லூரியில் படிக்கிறபோது நானும் நண்பனும் சைக்கிளை விட்டுவிட்டு ஆற்றுக்கு இறங்கிய சந்துகள் இவை. அந்த நண்பன் இப்போதும் இங்கேதான் இருக்கிறான். 2023 டிசம்பரில் நான் சென்னையில் இருந்தேன். மிக்ஜாம் புயலின் சேற்றைக் கழுவி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இங்கே ஆறு ஊருக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அவனுக்குப் போன் போட்டேன். செல்போன் கோபுரமெல்லாம் செத்துக் கிடந்தது. இரண்டு நாள் அவன் குரலைக் கேட்க முடியவில்லை. அந்த இரண்டு நாளின் பாரம்தான் இந்த வாரக் கட்டுரையை வெள்ளத்தைப் பற்றியே எழுத வைக்கிறது.

நண்பன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஓர் ஆச்சி. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு மார்கழி ஒண்ணு, தம்பி. ஞாயித்துக்கெழம. கோலம் போட எந்திரிச்சா வாசல்ல கால் வைக்க முடியல, அப்படி ஊத்துது. கோலப்பொடி டப்பாவோட நிக்கேன். சரி, நின்னா போடலாம்னு பாத்தா நிக்கவே இல்லல்லா. ராத்திரியும் ஊத்துது. மறுநாளு தெருமுக்குல தண்ணி நிக்கி. எம் மவன் சொல்லுதான், 'அம்மா, தொண்ணூத்திரண்டுலயே நம்ம வீட்டுக்குள்ள வரல, பேசாம இரு'ன்னு. நானும் இருந்தேன்."

கொஞ்ச நேரம் புளியையே பார்த்தார்கள்.

"வந்துட்டு. கட்டில் முங்க வந்துட்டு. எங்க வீட்டுக்காரர் போட்டா ஒண்ணு சுவத்துல மாட்டியிருந்தேன். அதுவரைக்கும் வந்து நின்னுட்டு. போட்டா நனையல."

சுவரைக் காட்டினார்கள். படத்துக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, அறையைச் சுற்றிலும் நேராக ஓடுகிறது. மகன் வெள்ளையடிக்கச் சொல்கிறாராம். ஆச்சி சம்மதிக்கவில்லை.

அந்த மகன் சொன்னதில் தப்பே இல்லை. அனுபவத்தில் இருந்து வந்த அறிவுதான் அது. ஆனால் 1992 வேறு, 2023 வேறு. தொண்ணூற்றிரண்டில் தூத்துக்குடிப் பக்கம் கரையேறிய புயல் மேற்கு மலையில் கொட்டியது. வெள்ளம் மலையில் இருந்து, ஆறு வழியாக, வந்தது. 2023-இல் மழை சமவெளியின் தலையிலேயே விழுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர். ஓர் ஆண்டில் இந்தப் பக்கத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் 618. அணையில் இருந்து வரும் தண்ணீரும், குளங்கள் உடைந்த தண்ணீரும், தெருவில் பெய்து வடிய வழியில்லாமல் நின்ற தண்ணீரும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு முதுகுப் பக்கமாகத் தண்ணீர் வந்தது. நயினார்குளம், வேய்ந்தான்குளம் என்று குளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கொடுக்கிற ஊர் இது. நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் எந்தக் குளத்தை நிரப்பப் போகின்றன, நிரம்பி எங்கே வழியும் என்பதை முன்பு வயல்காரர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். வயல் வீடாகிவிட்டது. சொல்வதற்கு ஆள் இல்லை. என் கோபம் மழைமேல் இல்லை, இதன்மேல்தான்.

ஜங்ஷனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் கதை நேர்மாறு. தொண்ணூற்றிரண்டில் அவர் அப்பாவின் கடைக்குள் தண்ணீர் வந்ததாம். அதற்குப் பிறகு அப்பா கடைக்குள் ஆள் உயரத்துக்குப் பரண் அடித்தார். "முப்பது வருசமா அந்தப் பரணைப் பாத்து எல்லாரும் சிரிச்சாவ அண்ணாச்சி. எடத்த அடைக்குன்னு எம் பொண்டாட்டியே சண்டை போட்டிருக்கா. நான் கைவைக்கல. அப்பா போட்டதுன்னு விட்டுட்டேன்." அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, மழை விடாது என்று தெரிந்ததும், கணக்கு நோட்டுகளையும் பித்தளைச் சாமான்களையும் பரணில் ஏற்றிவிட்டுத்தான் கடையைச் சாத்தினார். கீழே இருந்த எவர்சில்வர் சேற்றில் கிடந்தது, கழுவி எடுத்துவிட்டார். அடுத்தடுத்த கடைகளில் துணியும் மருந்தும் மின்சாமான்களும் போனவர்களை நினைத்து அவருக்கு இன்னும் சங்கடம். "அவங்களுக்குச் சொல்ல அப்பா இல்லல்லா" என்றார்.

மத்தியானம் சுலோசன முதலியார் பாலத்துக்கு வந்தேன். 1843-இல் திறந்த பாலம். அதற்கு முன் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் இடையே படகில்தான் போக வேண்டும். தன் கைப்பணத்தைப் போட்டு இதைக் கட்டிக்கொடுத்த முதலியாரின் பெயரை ஊர் ஒருநாளும் மறந்ததில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் ஊர் இங்கேதான் கூடுகிறது. தண்ணீர் வளைவின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்ப்பதற்கு.

பாலத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கொக்கிரகுளம்காரர். அவரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் தண்ணீரைப் பற்றி அதிகம் பேசவில்லை. சத்தத்தைப் பற்றிப் பேசினார். "கரண்டு போயிட்டு. ஊரு பூரா இருட்டு. ஆத்துச் சத்தம் மட்டும் கேக்கு. எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை ரயில் வருதா ரயில் வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா." பால் இல்லை. விடிந்ததும் அவர் தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மாடி வீட்டில் உலை வைத்தார்கள். யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு என்று பார்க்கவில்லை. மூன்று நாள் ஒரே அடுப்பு. "இப்பவும் அந்த எட்டு வீட்டுல எங்க விசேசம்னாலும் மிச்ச ஏழும் போவும். அதுக்கு முன்னால மொகம் தெரியும், பேரு தெரியாது."

ஆற்றோடு கீழே இறங்கினால் இதே கதை இன்னும் பெரிதாகக் கிடைக்கும். அதே இரவில் திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துக்கொண்டு போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் அந்தச் சிறிய நிலையத்தில் அடைபட்டுக் கிடக்க, தாங்களே தண்ணீருக்குள் இருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த ஊருக்கு அடுத்த வாரம் போகிறேன்.

மாலையில் மறுபடியும் ஆச்சி வீட்டுக்குப் போனேன். நண்பனிடம் கேட்டு ஒரு பட்டைப் பேனா வாங்கிப் போயிருந்தேன். ஆச்சி அனுமதித்தார்கள். பழுப்புக் கோட்டுக்கு மேலே, ஐயா படத்துக்கு இடப்புறம், "18-12-2023" என்று எழுதினேன். "மார்கழி ரெண்டுன்னும் போடு தம்பி" என்றார்கள். அதையும் போட்டேன்.

திருநெல்வேலியில், ஏரலில், ஸ்ரீவைகுண்டத்தில் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்டில் ஒரு சாண் நீளமாவது விட்டுவிடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். வாடகை வீடாக இருந்தால் அடுத்து வருகிறவரிடம் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

(நடை தொடரும்)