பெட்டியை மறைத்தேன், கோளாறை அல்ல

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அங்கே மெர்ச்சன்டைசராக இருந்த ஒரு அக்காவின் மெயில்கள் அழிந்துபோனபோது, ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொன்னேன். அது பொய். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது.

“தம்பி, அவுட்லுக்கை மூடுறப்பெல்லாம் வேலை செய்யலைன்னு ஒரு பொட்டி வருதுங்க” என்று அக்கா பல தடவை சொல்லியிருந்தார். “மூடுறப்பதானுங்க அக்கா, ஒண்ணும் ஆகாது” என்று ஒவ்வொரு தடவையும் அனுப்பிவைத்தேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு வருகிற கோளாறால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. எரிச்சலில் விண்டோஸ் ரிஜிஸ்ட்ரிக்குள் போய், பிழைச் செய்தியைக் காட்டாதே என்கிற மதிப்பை 1 என்று மாற்றி வைத்தேன். பெட்டி வருவது நின்றது. அவுட்லுக் விழுவது நிற்கவில்லை, திரையில் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. “சரியாயிருச்சுங்க தம்பி” என்று அவர் மனதாரச் சொன்ன நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த அலுவலகத்தில் மெயில்கள் பாப்3 முறையில் இறங்கி, கம்ப்யூட்டரில் உள்ள பிஎஸ்டி கோப்பு ஒன்றில் சேர்ந்துகொண்டிருந்தன. மூடும் நேரத்தில்தான் அவுட்லுக் மிச்சமுள்ள மாற்றங்களை அந்தக் கோப்பில் எழுதி முடித்து, அதை ஒழுங்காக மூடிவிட்டு வெளியேற வேண்டும். பாதியில் விழுந்தால், அடுத்த தடவை திறக்கும்போது தரவுக் கோப்பு சரியாக மூடப்படவில்லை என்று செய்தி வரும். அந்தச் செய்தியையும் அக்கா எனக்குக் காட்டினார். தினமும் இப்படி நடந்தால் பெரிய கோப்பு என்றைக்காவது சிதையும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. போதாக்குறைக்கு, சர்வரில் இடம் நிறைகிறது என்று, அங்கே ஒரு நகலை விட்டுவைக்கும் டிக்கையும் நானே எடுத்திருந்தேன். ஆக, அக்காவின் மெயில்களுக்கு அந்தக் கோப்பு ஒன்றே பிரதி.

ஒரு நாள் காலை அது திறக்கவில்லை. கோப்பைப் பழுதுபார்க்கும் ஸ்கேன்பிஎஸ்டியை ஓடவிட்டேன். ஃபோல்டர்களின் பெயர்கள் திரும்பின. உள்ளே பாதி காலி. லேப் டிப் அப்ரூவல் மெயிலும் அதோடு போனது. சாயம் தோய்த்து அனுப்பிய ஏ, பி, சி மாதிரிகளில் எந்த நிறத்தைப் பையர் ஒப்புக்கொண்டார் என்பது அதில் மட்டும்தான் இருந்தது. சாயப்பட்டறையில் துணி காத்துக்கிடக்க, எந்த நிறம் என்று பையரிடமே மறுபடி கேட்டு எழுத வேண்டிய நிலைமை அக்காவுக்கு. மெயிலை அழிக்காமல் மூட்டை மூட்டையாகச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். பக்கத்தில் நின்றிருந்த நான், “டிஸ்க் பழசுங்க சார்” என்றேன். அக்கா எதுவும் பேசவில்லை. முதலிலிருந்தே சொன்னேனே என்று என்னைக் கைகாட்டியிருக்கலாம், அதையும் அவர் செய்யவில்லை.

முதல் நாளே செய்ய வேண்டியதை அன்று சாயங்காலம் செய்தேன். ஈவென்ட் வியூவரைத் திறந்தால், அவுட்லுக் விழுந்த ஒவ்வொரு பதிவிலும் பழுதுக்குக் காரணமான கோப்பாக ஒரே டிஎல்எல்லின் பெயர். இணைப்புகளை பிடிஎஃப் ஆக்குவதற்காக நான் கொண்டுவந்து போட்ட ஆட்-இன் அது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே அவுட்லுக்கை சேஃப் மோடில் திறந்து மூடினேன், பிரச்சினை இல்லை. ஆட்-இன் பட்டியலில் அந்த ஒரு டிக்கை எடுத்தேன். சாதாரணமாகத் திறந்து மூடினாலும் விழவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகும் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்.

இந்த வேலையில் இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: மூடும்போது மட்டும்தான் விழுகிறது என்று யாராவது வந்து சொன்னால், முதலில் அவுட்லுக்கை மூடி பிஎஸ்டி கோப்பை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு ஈவென்ட் வியூவரைப் பாருங்கள். பிழைப் பெட்டியை மறைக்காதீர்கள்.

அக்காவிடம் பின்னால் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மேனேஜருக்கு இன்றுவரை தெரியாது. சார், இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அன்று நீங்கள் திட்டியிருக்க வேண்டியது என்னை.