பெண்ணையாறு அறுத்த பெரும் பள்ளம்

அமெரிக்க தேசத்தில் அரிஸோனா என்னும் மாகாணத்தில், கொலராடோ நதி பாறையை அறுத்து உண்டாக்கியிருக்கும் பெரும் பள்ளத்தைப் பற்றி இருபது வருஷ காலமாக நான் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். அதன் நீளம் 446 கிலோமீட்டர். ஆழமோ சில இடங்களில் ஒரு மைலுக்கும் அதிகம். லாஸ் வேகாஸ் நகரில் காலையில் சிறு விமானம் ஏறினால், அந்தப் பள்ளத்தின் மேலே பறந்து, வழிகாட்டி சொல்லும் விவரங்களையெல்லாம் கேட்டு, மாலைக்குள் திரும்பி விடலாம். அந்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளைக் காணச் சென்று வந்த நாமக்கல் நண்பர்கள் சிலர், அங்கே எடுத்த படங்களை எனக்கும் காட்டி மகிழ்ந்ததுண்டு.

ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஐயா, இந்த மாதிரிப் பள்ளம் நம் தேசத்தில் கிடையாதா?" என்று கேட்டான்.

"ஏன் கிடையாது? ஆந்திர தேசத்தில் கண்டிக்கோட்டை இருக்கிறதே!" என்றேன்.

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?"

நான் பார்த்ததில்லை. புஸ்தகத்தில் படித்ததுதான். பிறர் தேசத்து அதிசயத்தின் நீள அகலங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் நான், அடுத்த வீட்டு அதிசயத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அன்று உறைத்தது. 2023ஆம் வருஷம் பொங்கல் கழிந்த மறு வாரம் புறப்பட்டு விட்டேன்.

முந்தின இரவு நாமக்கல்லில் ரயிலேறிச் சென்னை சேர்ந்தேன். அக்காலத்தில் சென்னைக்கும் கடப்பைக்கும் இடையே விசிறி சுழலும் சிறு விமானம் ஒன்று போய்வந்து கொண்டிருந்தது. உல்லாசப் பிரயாண ஏற்பாட்டாளர் ஒருவர், பன்னிரண்டு பேரை அதில் அழைத்துச் சென்று, கண்டிக்கோட்டையைக் காட்டி, இரவு ரயிலில் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. நாற்பத்தைந்து வயதில் எனக்கு அதுவே முதல் விமானப் பிரயாணம். ஜன்னலோர ஆசனம் கிடைத்ததில் உண்டான சந்தோஷத்தை மறைக்க மிகவும் சிரமப்பட்டேன்.

சென்னையை விட்டுக் கிளம்பியதும் கீழே ஏரிகள் கண்ணாடித் துண்டுகள் போல மின்னின. சற்று நேரத்தில் மலைகள் வந்தன. சேஷாசலத் தொடரும், செம்மரங்கள் வளரும் அதன் சரிவுகளும் நெடுக மடிப்பு மடிப்பாகக் கிடந்தன. மலைகளைத் தாண்டினோமோ இல்லையோ, பூமியின் நிறமே மாறிவிட்டது. பச்சை குறைந்து செம்மண்ணும் கல்லும் மிகுந்தன. தென்மேற்குப் பருவக் காற்று மேற்கு மலைத் தொடரிலேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிட்டு வருகிறது. கடல் பக்கத்திலிருந்து வரும் வடகிழக்குக் காற்றைக் கிழக்கு மலைகள் ஓரளவு தடுத்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே ராயலசீமை வாடுகிறது. கரும்பலகையில் அம்புக் குறிகள் போட்டு எத்தனையோ முறை விளக்கிய விஷயந்தான். ஆயினும், அதை ஒரே பார்வையில் மேலிருந்து கண்டபோது, இத்தனை நாள் சொன்னதன் பொருள் அன்றுதான் விளங்கினாற் போலிருந்தது.

கடப்பையிலிருந்து மோட்டாரில் எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு வழியாகச் சென்றோம். வழியெல்லாம் கற்சுரங்கங்கள். நம் வீட்டுச் சமையலறை மேடையிலும் அலமாரித் தட்டிலும் பதித்திருக்கிறோமே, அந்தக் கடப்பைக் கல்லின் பிறந்தகம் இதுதான்.

ஜம்மலமடுகில் எங்கள் வழிகாட்டி ஏறிக்கொண்டான். முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞன். சென்னையில் சில வருஷம் வேலை பார்த்தவனாதலால் தமிழ் நன்றாகவே பேசினான். "கண்டி" என்றால் தெலுங்கில் மலையிடுக்கு என்றும், இடுக்கின் மேல் கட்டிய கோட்டையாதலால் கண்டிக்கோட்டை என்றும் அவன் சொன்னான். இலங்கையிலுள்ள கண்டியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக் கொள்ளலாகாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை என்பர். பின்னர், விஜயநகர மன்னர்களுக்கு அடங்கிய பெம்மசானி நாயக்கர்கள் வெகு காலம் இங்கே இருந்து ஆண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாவின் சேனாபதியான மீர் ஜும்லா இதைப் பிடித்துக் கொண்டான். 1652இல் அவனைக் காண இங்கே வந்த தவர்னியே என்னும் பிரெஞ்சு ரத்தின வியாபாரி, இக்கோட்டையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறான். மாதவராயர் கோயிலின் கோபுரமும், ஜும்மா மசூதியும், நெற்களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. கோயிலில் பூஜை இல்லை. களஞ்சியத்தில் நெல் இல்லை.

களஞ்சியத்தைத் தாண்டிப் பாறைகளின் மேல் தாவித் தாவிச் சிறிது தூரம் நடந்தோம். திடீரென்று பூமி முடிந்து விட்டது!

நாங்கள் நின்ற இடத்தில் கைப்பிடிச் சுவர் ஏதும் கிடையாது. காலடியில் சுமார் முந்நூறு அடிப் பள்ளம். எதிரே அதே உயரத்தில் இன்னொரு சுவர். செந்நிறப் பாறைகள், கொத்தனார் அளந்து வெட்டி அடுக்கிய கற்களைப் போலச் சதுரஞ் சதுரமாக அடுக்கடுக்காய் நின்றன. பழைய கடலடியில் படிந்த மணல் இறுகிக் கல்லானவை அவை. வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். அவற்றை மணலும் கூழாங்கல்லும் கலந்த தண்ணீர், ரம்பம்போல அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அடியில் பெண்ணையாறு பச்சை நிறமாகச் சலனமின்றிக் கிடந்தது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஏறக்குறைய 597 கிலோமீட்டர் ஓடி, நெல்லூருக்கு அருகே கடலில் விழும் நதி இது. கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக நம் நாட்டுக்கு வரும் தென்பெண்ணையும் அந்த மலைப் பக்கத்தில் பிறந்ததுதான். ஆகையால், இவள் நமக்குச் சிற்றன்னை முறை ஆக வேண்டும்.

கொலராடோப் பள்ளத்தோடு ஒப்பிட்டால் இது குழந்தை. அதனால் என்ன? எங்கள் நாமக்கல் மலையை இமயத்தோடு ஒப்பிட்டா நாங்கள் நேசிக்கிறோம்?

எல்லோரும் படம் எடுத்துக் கொண்டிருந்தபோது, வழிகாட்டி மாத்திரம் ஆற்றுக்கு எதிர்முகமாய் மேற்குத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அந்தப் பக்கம் என்னப்பா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அணை இருக்குது சார். அதுக்குப் பின்னாலே எங்க ஊரு இருந்துச்சு."

கண்டிக்கோட்டை நீர்த்தேக்கத்தைப் பற்றி நான் பத்திரிகையில் படித்திருந்தேன். ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா நதியின் வெள்ளநீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து, சுமார் 27 டி.எம்.சி. தேக்கும் திட்டம். வறண்ட ராயலசீமைக்கு அது ஜீவாதாரம் என்பதில் சந்தேகமில்லை. 2020ஆம் வருஷம் நீர்மட்டத்தை உயர்த்தியபோது தாள்ளப்ரொத்துடூர் முதலிய ஊர்களின் ஜனங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்படி முழுகிய ஊர்களில் ஒன்றுதான் இவனுடையது.

"பணம் கொடுத்தாங்க. புது வீடு கட்டினோம். எங்க அம்மா மட்டும் இன்னும் பழைய ஊர்ப் பேரைத்தான் சொல்லுவாங்க" என்றான்.

"வருகிறவர்களுக்கு அந்த இடத்தையும் காட்டுகிறாயா?"

"அங்கே பார்க்க என்ன இருக்குது சார்? தண்ணிதான்."

அவன் குரலில் கோபம் இல்லை. அடுத்த கணமே, சூரியன் சாயப் போவதாகவும், பாறைகள் நன்றாய்ச் சிவக்கும் இடத்துக்கு எல்லோரும் வரவேண்டுமென்றும் உரக்க அழைத்தான். அவன் சொன்னபடியே பாறைகள் சிவந்தன. அதைப் போன்ற அழகை நான் கண்டதில்லை. ஆனால் என் மனம் அதில் முழுவதும் லயிக்கவில்லை.

இரவு ரயிலில் தூக்கம் பிடிக்கவில்லை. மேட்டூர் நினைவு வந்தது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை, நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த எண்களை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன்! சேலம், நாமக்கல், ஈரோடு ஜில்லாக்களில் அதன் வாய்க்கால்கள் பாயும் வயல்களையும் சொல்லியிருக்கிறேன். அணை வற்றும் காலத்தில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் மாதாகோயிலின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலை காட்டும். அதை வேடிக்கை பார்க்க நானே ஒருமுறை போயிருக்கிறேன். அந்தக் கோயிலில் விளக்கேற்றியவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை. அவர்கள் விட்டுக்கொடுத்த மண்ணால் விளைந்த சோற்றை மட்டும் தின்று வந்திருக்கிறேன்.

அணை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் இல்லாத சீமையைக் கண்ணால் கண்டவன் அப்படிச் சொல்லத் துணிய மாட்டான். ஆனால், ஒரு தேசத்தின் நன்மைக்காகத் தன் வாசற்படியை விட்டுக் கொடுத்தவனுடைய ஊரின் பெயரையாவது அத்தேசத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

திங்கட்கிழமை வகுப்பில் படங்களைக் காட்டினேன். பள்ளத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். பிறகு வழிகாட்டியின் ஊரைப் பற்றியும், மேட்டூரில் முழுகிய கிராமங்களைப் பற்றியும் சொன்னேன். கடைசி பெஞ்சியில் எப்போதும் பேசாதிருக்கும் பெண் ஒருத்தி மெதுவாக எழுந்தாள்.

"ஐயா, எங்கள் கொள்ளுத் தாத்தா ஊரும் அணைக்குள்ளேதான் இருக்கிறதாம். எங்கள் பாட்டி சொல்லும்" என்றாள்.

ஊரின் பெயர் என்னவென்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "பாட்டியிடம் கேட்டு வந்து சொல்லம்மா" என்றேன். மறுநாள் காலை அவள் வந்து கரும்பலகையில் தன் கையாலேயே அந்தப் பெயரை எழுதினாள். அன்று முழுவதும் நான் அதை அழிக்கவில்லை.