அதான் நார்மல் ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?

பிரஷர் இருந்தால் தலை சுற்றும், பின்மண்டை வலிக்கும், சட்டென்று கோபம் வரும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு வராது அது. 160/100 இருப்பவர் கல்யாண வீட்டில் ஜாலியாகப் பந்தி பரிமாறிக் கொண்டிருப்பார். உள்ளே இதயம், மூளை, சிறுநீரகம், கண்ணின் விழித்திரை எல்லாம் மெதுவாக அடிவாங்கிக் கொண்டிருக்கும். பலருக்குப் பக்கவாதம் வந்தபிறகுதான் விஷயமே தெரிகிறது.

அப்பா தஞ்சாவூரிலிருந்து தில்லிக்கு வந்தது ஜனவரிக் குளிரில். வீட்டு மெஷினில் பார்த்தால் 172/104. அரைமணி கழித்துப் பார்த்தாலும் அதே கதை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் அளவு கொஞ்சம் ஏறும்தான், ஆனால் இவ்வளவா? பையைத் திறந்தால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் இருக்கின்றன.

"போன மாசமே 126/80 வந்துடுச்சேடா. நார்மல். அப்புறம் எதுக்கு?"

அந்த 126 மாத்திரை போட்டதால் வந்த 126. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக யாராவது கண்ணாடியைத் தூக்கிப் போடுவார்களா?

விஷயம் அது மட்டுமில்லை என்று இரண்டு நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையவில்லையாம். வெளியே சொன்னால் கிட்னி போயிடுச்சுன்னு சொல்லிடுவாங்களோ என்று பயந்து, மனுஷன் மாத்திரையையே நிறுத்திவிட்டார். அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கால் வீங்குவது சகஜம். இங்கே டாக்டர் சிறுநீரகப் பரிசோதனை எழுதினார். ரிசல்ட் நன்றாகவே இருந்தது. மருந்தை மாற்றிக் கொடுத்தார், பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் போனில் கேட்காதீர்கள். "போட்டா உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றும் கேளுங்கள்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு: காபி குடித்து அரைமணியாவது ஆகியிருக்கணும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் பார்க்கணும். (பேசாமல் இருப்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டம்!)

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. நமக்கு ஊரிலிருந்து வரும் பார்சலோ அப்பளம், வடகம், மோர்மிளகாய், மாவடு! இங்கே பக்கத்து வீட்டுக்காரர் இந்துப்புக்கு மாறச் சொன்னார். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

அப்பளம், மோர்மிளகாயை அப்பா விட்டுவிட்டார். நார்த்தங்காய் ஊறுகாய் பற்றிப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.