சுவாமியாரின் இடையில் இருந்த சிலுவை

நான் சிறுவனாக இருந்தபோது குறிஞ்சிப்பிட்டிக்கு வந்த சுவாமியார் ஒருவரின் இடைக்கச்சையில் பெரிய சிலுவையொன்று செருகப்பட்டிருக்கும். அது எங்கிருந்து வந்ததென்று அம்மம்மாவிடம் கேட்டேன். சபையில் கொடுப்பது என்பதற்கு மேல் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அச்சபையை நிறுவிய ஆயரைப் பற்றி வாசித்தறிந்தேன். அவர் புனித யூஜின் டி மசெனட். 1782இல் பிரான்ஸின் எய்க்ஸ் நகரில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில் குடும்பத்துடன் இத்தாலிக்குத் தப்பிச் சென்று, அகதியாகவே வளர்ந்தார். 1811இல் குருவானார். 1813ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் வேலைக்காரரையும் கூலியாட்களையும் அதிகாலையில் கோவிலுக்கு அழைத்து, கற்றோர் மொழியான பிரெஞ்சை விடுத்து, அவர்கள் வீட்டில் பேசிய புரோவன்சால் மொழியிலேயே மறையுரை ஆற்றினார். 1816இல் அவர் தொடங்கிய சிறு குழுவே பின்னர் அமலமரித் தியாகிகள் சபையாயிற்று.

1837இல் மார்சேய் நகரின் ஆயரான அவர், இலங்கைக்கு ஒருபோதும் வந்ததில்லை. ஆனால் அவர் அனுப்பிய நால்வர், செமேரியா அடிகளாரின் தலைமையில் 1847 நவம்பரில் காலியில் வந்திறங்கினர். அவர்களிலும் பின்வந்தோரிலும் பலர் தமிழ் கற்று, தமிழில் பணியாற்றினர். மசெனட் 1861 மே 21ஆந் திகதி காலமானார். 1995இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

எங்கள் கரையில் தலவில அன்னம்மாளுக்கும் புனித யோசப் வாஸ் அடிகளாருக்கும் உள்ள பக்தி இவருக்கு இல்லை. மே 21ஆந் திகதியை நினைவுகூர்வோர் பெரும்பாலும் அச்சபையினரே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சிலாபம் பக்கத்தில் என் ஒன்றுவிட்ட அக்காவின் மரணவீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் ஆயுள் முழுதும் தமிழிலேயே செபமாலை சொன்னவர். பேரப்பிள்ளைகளோ சிங்களத்தில் செபித்தார்கள். இக்கரையோரத்தில் பாடசாலைகளும் கோவில்களும் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதன் விளைவு அது. எம்மொழியில் வேண்டினாலும் இறைவன் கேட்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அக்கா இறுதி நாட்களில் முணுமுணுத்தது என்னவென்று அப்பிள்ளைகள் என்னிடம் கேட்டபோது மனம் கனத்தது. வீட்டு மொழியில் பேசினால்தான் எளியோரின் உள்ளத்தைத் தொடலாம் என்று அறிந்திருந்த அந்த ஆயரை அன்று நினைத்துக்கொண்டேன்.

அவர் முணுமுணுத்தது 'அருள் நிறைந்த மரியே' என்ற செபம். அதை அப்பிள்ளைகளுக்கு ஒருமுறை மெதுவாகச் சொல்லிக்காட்டினேன். மூத்தவள் தமிழிலேயே திருப்பிச் சொன்னாள்.