காவிரி தாண்டிய டோஸ்ட்

திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறிப் பிள்ளையாரைத் தரிசிப்பார்கள். பாலம் தாண்டி ரங்கநாதரைச் சேவிப்பார்கள். டோஸ்டைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? எனக்கோ அந்த நினைவுதான். பொன்மலையில் சாப்பிட்டதும் ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்டதும் உடன்பிறந்த டோஸ்டுகள். ஆனால் ஒன்றின் வீட்டில் மற்றொன்று கை நனைக்காது!

பொன்மலை ரயில்வே ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே தொழிற்சாலை 1920-களில் இங்கே இடம் பெயர்ந்தது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல காலனியில் குடியேறின. அப்படி ஒரு வீட்டு அம்மாள் 2 முட்டையைக் கால் டம்ளர் பாலோடு அடித்து, உப்பும் மிளகுத் தூளும் போட்டு, ரொட்டித் துண்டுகளை அதில் நன்றாக ஊற வைத்து வாட்டினாள். நடுவே உருளைக்கிழங்கு மசியல். “நேற்றைய ரொட்டிதான் வேண்டும். புதுசு கரைந்து போகும்” என்றாள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு இட்ட பெயரே, ‘வீணாய்ப் போன ரொட்டி’ என்று பொருள்படும். நமக்கு அது ஏனோ பம்பாய் டோஸ்ட்! (1752-ல் ஸ்ரீரங்கத்தில் பாளையம் இறங்கிச் சரணடைந்த பிரெஞ்சுப் படைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.)

சத்திரத்தில் 1-ஆம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம். உத்தர வீதியில் என் சிநேகிதி அகம். அங்கே முட்டை வாசற்படி ஏறாது. பேக்கரி ரொட்டியே காய்ச்சல்காரன் ஆகாரம். அந்த நாளில் கள் விட்டுப் புளிக்க வைத்த பண்டம் என்று மாமியாருக்கு அதன் மேல் அருவருப்பு. பிள்ளையோ நண்பன் வீட்டில் டோஸ்ட் தின்றுவிட்டு வந்து, “பசிக்கலைம்மா” என்று பொய் சொல்லப் பழகிவிட்டான். அந்தப் பொய்தான் அவளுக்குத் தாளவில்லை.

ஒரு நாள் துணிந்து கேட்டாளாம்: “ஏம்மா, பெருமாளே ரொட்டி அமுது செய்யறாரே?” உண்மைதான். டில்லி சுல்தானின் மகள் பெருமாளிடம் மனத்தைப் பறிகொடுத்தாள் என்பது ஐதீகம். அந்தத் துலுக்க நாச்சியாருக்காகக் கோயிலில் ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனம் ஆகின்றன. அது கோதுமை ரொட்டி, இது பேக்கரி ரொட்டி, பெயர் ஒன்றுதானே! மாமியார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “தோசைக்கல் மட்டும் தனியா வெச்சுக்கோ” என்றார்.

அவள் செய்யும் முறை இது. 8 துண்டு ரொட்டிக்கு 4 உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைய வேண்டும். இரண்டிரண்டு துண்டுகளுக்கு நடுவே இதைத் தடவி அழுத்தி மூடுங்கள். ஒரு டம்ளர் கடலை மாவு, 2 மேஜைக்கரண்டி அரிசி மாவு, மிளகாய்த் தூள், ஓமம், பெருங்காயம், உப்பு. தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். கெட்டியானால் பஜ்ஜியாகிவிடும்.

இங்கேதான் பொன்மலை முறை பலிக்காது. முட்டைப் பால் ரொட்டிக்குள் இறங்கி அங்கேயே வெந்து இறுகும். கடலை மாவு உள்ளே இறங்கினால் ரொட்டி களியாகும். மாவும் பச்சை வாசனை அடிக்கும். ஆகையால் ஊற வைக்காமல், தோய்த்தவுடன் எடுத்துக் கல்லில் போடுங்கள். நெய் விட்டு, மிதமான தணலில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம். ஓரங்களையும் நிமிர்த்தி வைத்து வாட்டுங்கள்.

பிள்ளை இப்போது சாயங்காலம் நேரே வீட்டுக்கு வந்து இரண்டு தின்கிறான். பாட்டிக்கு ஒன்று போதும். இஞ்சி மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டுமாம்.